ஜாதிபத்திரியும் நான் பதில் சொல்லாத ஒரு கேள்வியும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு உலை கொதிக்கிற நேரத்தில் படித்தால் பொருத்தமாக இருக்கும்.

போன வாரம் பேத்தியின் காதுகுத்துக்குச் சாப்பாடு சொல்லப் போயிருந்தேன். ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் என் பழைய மாணவர் ஒருவர் விசேஷங்களுக்குச் சமையல் எடுத்துச் செய்கிறார். "வாங்க சார், உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, கையில் இருந்த வேலையைத் தொடர்ந்தார். வெறும் வாணலியைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, அந்தச் சூட்டில் ஆரஞ்சு நிறத்தில் காய்ந்த இதழ்களைப் போட்டுப் புரட்டினார். மொறுமொறுவென்று ஆனதும் சின்ன ஜாரில் போட்டு இரண்டு சுற்று. மூடியைத் திறந்ததும் கூடம் முழுக்க வாசம்.

"ஜாதிபத்திரிதானே? மத்த மசாலாவோட சேர்த்து அரைக்கலாமே?" என்றேன்.

"கூடாது சார். இது மட்டும் தனியா. பட்டை கிராம்போட சேர்த்தா இதோட வாசம் அமுங்கிடும். இன்னிக்கு அரைச்சதை இன்னிக்கே முடிச்சிடணும்."

அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு 1980களின் கடைசியில் ஒரு ஒன்பதாம் வகுப்பு நினைவுக்கு வந்துவிட்டது. ஐரோப்பியர் வருகை பாடம். கரும்பலகையில் போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என்று வரிசையாக எழுதிப்போட்டு, "எல்லாரும் வாசனைப் பொருள் தேடி வந்தார்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து இதே பையன் எழுந்தான். "சார், அவங்க அதை எங்கிருந்து வாங்கினாங்க? அங்க இருந்தவங்களுக்குப் பதிலுக்கு என்ன குடுத்தாங்க?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "பாடத்துல இருக்கறதை மட்டும் கேளு, உக்காரு" என்று சொன்னேன். வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு படித்ததில் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஜாதிக்காய் வேறு, ஜாதிபத்திரி வேறு. ஆனால் இரண்டும் ஒரே பழத்துக்குள் இருப்பவை. ஜாதி மரத்தின் பழம் சின்னக் கொய்யா போல மஞ்சளாக இருக்கும். பழுத்ததும் இரண்டாகப் பிளக்கும். உள்ளே பளபளப்பான கறுப்பு ஓடு. அந்த ஓட்டைச் சுற்றி ரத்தச் சிவப்பில் வலைபோல ஒரு சதை பின்னிக்கிடக்கும். அந்தச் சிவப்பு வலைதான் ஜாதிபத்திரி. ஓட்டை உடைத்தால் உள்ளே இருக்கும் பருப்புதான் ஜாதிக்காய். வலையை உரித்துக் காயவைத்தால் சிவப்பு மங்கி ஆரஞ்சு, மஞ்சள் நிறத்துக்கு வரும். பத்திரி என்று இலையின் பெயரைச் சூட்டியிருக்கிறோம். கடையில் சிலர் 'பூ' என்கிறார்கள். உண்மையில் அது இலையும் இல்லை, பூவும் இல்லை, விதையின் மேல் போர்வை.

சுவையில் இரண்டும் அண்ணன் தம்பி. ஜாதிக்காய் கனமானது, இனிப்போடு ஒரு மரவாசனை உண்டு. ஜாதிபத்திரி மெல்லியது. கொஞ்சம் மிளகு, கொஞ்சம் ஆரஞ்சுத்தோல், நாக்கின் ஓரத்தில் சின்னக் கசப்பு. ஒரு பழத்தில் பருப்பு எடையில் அதிகம், பத்திரி மிகக் குறைவு. அதனால்தான் எந்தக் காலத்திலும் பத்திரிக்கு விலை கூடுதல்.

எனக்கு அந்த வாசம் அறிமுகமானது ஓர் அசட்டுத்தனத்தால். 1960களில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெரியம்மா இருந்தார். கணவர் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கிய சொல்தா. அவரோடு சைகோனில் பல வருடம் வாழ்ந்துவிட்டு வந்தவர். அவர் பேச்சில் பாதி தமிழ், பாதி பிரெஞ்சு. ஒரு கிறிஸ்துமஸ் சமயம் கையில் காசைக் கொடுத்து, "பெரிய மார்க்கெட்டுக்குப் போயி கொஞ்சம் மாசி வாங்கிட்டு வாடா" என்றார். நானும் நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காய் வாங்கி வந்து நீட்டினேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது. பிரெஞ்சில் ஜாதிபத்திரிக்குப் பெயர் 'மாசி'யாம்! கருவாட்டுக் கடைக்குப் போய் மாசிக் கருவாடு வாங்கி வராமல் இருந்தேனே என்று என் அம்மா பிறகு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்தப் பெரியம்மா ஜாதிபத்திரியைக் குழவிக்கல்லில் நுணுக்கி, மெல்லிய துணியில் சலித்து வைப்பார். ரவை, வெண்ணெய், முட்டை, ரம்மில் ஊறிய திராட்சை சேர்த்துச் செய்யும் கேக்கில் ஒரு சிட்டிகை. உருளைக்கிழங்கை மசித்துப் பால் ஊற்றும்போது ஒரு சிட்டிகை. வெண்ணெயும் மைதாவும் பாலும் சேர்த்துக் காய்ச்சும் வெள்ளைச் சாற்றில் ஒரு சிட்டிகை. "ஜாதிக்கா போட்டா கறுப்புப் புள்ளி புள்ளியா தெரியும்டா, இதுன்னா வெள்ளை வெள்ளையாவே இருக்கும்" என்பார். ஐரோப்பியச் சமையலில் ஜாதிபத்திரித் தூளை விரும்புவதற்கு இன்றைக்கும் சொல்லப்படும் காரணம் அதுதான்.

எங்கள் வீட்டுப் பக்கம் அது வெற்றிலைப் பெட்டியிலும் மருந்துக் கல்லிலும்தான் இருந்தது. தாம்பூலத்தில் ஏலம், கிராம்பு, பச்சைக் கற்பூரத்தோடு ஒரு துண்டு. குழந்தைக்கு உரைமருந்து உரைக்கும்போது வசம்பு, கடுக்காய், மாசிக்காயோடு ஜாதிக்காய். (இன்றைக்குக் குழந்தை மருத்துவரைக் கேட்காமல் எதையும் உரைத்துக் கொடுக்காதீர்கள். ஜாதிக்காயோ பத்திரியோ அளவு மீறினால் பெரியவர்களுக்கே தலைசுற்றலும் வாந்தியும் வரும். சிட்டிகை என்றால் சிட்டிகைதான்.)

தமிழுக்கு இந்த வாசம் புதிதில்லை. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் தாம்பூலத்துக்குரிய ஐந்து வாசங்களைச் சொல்லும் இடத்தில் தக்கோலம், இலவங்கம், கற்பூரத்தோடு சாதியையும் வைக்கிறார். இதில் ஒரு வியப்பு இருக்கிறது. அந்தக் காலத்தில் ஜாதி மரம் தமிழ்நாட்டில் இல்லை. கேரளத்திலும் இல்லை. இன்றைய இந்தோனேசியாவின் கிழக்குக் கோடியில் பண்டா என்று ஒரு சின்னத் தீவுக் கூட்டம். நடுவில் ஓர் எரிமலை, சுற்றிலும் கையளவு தீவுகள். உலகம் முழுக்கப் போன ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் 18ஆம் நூற்றாண்டுவரை அந்தத் தீவுகளிலிருந்துதான் போயின. நம் கடற்கரையிலிருந்து ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். அங்கே விளைந்தது இங்கே ஒரு பாட்டியின் வெற்றிலைப் பெட்டிக்கு வந்து சேர எத்தனை கை மாறியிருக்கும்!

அந்தக் கைகளில் தமிழர் கைகளும் உண்டு. சுமத்ராவில் பாரோசுப் பகுதியில் 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வைத்தது. மலாக்காவில் தமிழ் வணிகர்கள் பெருங்கூட்டமாக வாழ்ந்தார்கள். 1511இல் போர்த்துகீசியர் அந்த ஊரைப் பிடித்ததும், நைனா சட்டு என்ற வணிகரை அங்கிருந்த நம்மவர்களுக்கும் பிறருக்கும் பெண்டஹாராவாக, அதாவது தலைமை அதிகாரியாக, நியமித்தார்கள். அதே வருடக் கடைசியில் அங்கிருந்து கிளம்பிய போர்த்துகீசியக் கப்பல்கள் 1512இல் பண்டாவை அடைந்தன.

பையன் கேட்ட கேள்விக்கு இங்கேதான் முதல் விடை. பதிலுக்கு என்ன கொடுத்தார்கள்? துணி. நம் துணி. பண்டாக்காரர்களுக்கு ஐரோப்பாவின் கம்பளி எதற்கு? அவர்கள் கேட்டது சோழமண்டலக் கரையிலும் குஜராத்திலும் நெய்து சாயமேற்றிய பருத்தித் துணி. வெள்ளி கொண்டுவந்து இந்தக் கரையில் துணி வாங்கு, துணியைக் கொண்டுபோய்க் கிழக்கே வாசனைப் பொருள் வாங்கு, அதை ஐரோப்பாவில் பல மடங்கு விலைக்கு விற்றுவிடு. இதுதான் கணக்கு. டச்சுக் கம்பெனி 1610இல் பழவேற்காட்டில் இடம் பிடித்ததே இந்தத் துணிக்காகத்தான். ஐரோப்பியர் வாசனைப் பொருளுக்காக இந்தியா வந்தார்கள் என்று முப்பது வருடம் சொல்லிக்கொடுத்தேன். மலபாருக்கு அது சரி. நம் கரைக்கு அவர்கள் வந்தது நெசவாளியின் தறியைத் தேடி.

இரண்டாவது விடை அவ்வளவு இதமானதல்ல.

பண்டா மக்கள் யாரோடும் வியாபாரம் செய்யப் பழகியவர்கள். எங்களுக்கு மட்டும்தான் விற்க வேண்டும் என்று டச்சுக்காரர் எழுதி வாங்கிய ஒப்பந்தம் அவர்களுக்குப் பொருளற்றது. அரிசியும் துணியும் வெளியிலிருந்து வந்தால்தான் அந்தத் தீவில் பிழைப்பு. 1621இல் டச்சுக் கம்பெனியின் தலைமை ஆளுநர் யான் பீட்டர்சோன் கூன் பெரும் படையோடு வந்து இறங்கினார். ஊர்ப் பெரியவர்கள் 44 பேரை ஒரு மூங்கில் வேலிக்குள் அடைத்து, கூலிக்கு வந்த ஜப்பானியச் சிப்பாய்களைக் கொண்டு வெட்டிக் கொன்றார்கள். மலைக்கு ஓடியவர்கள் பட்டினியில் செத்தார்கள். பிடிபட்டவர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். ஏறக்குறைய 15,000 பேர் வாழ்ந்ததாகக் கணக்கிடப்படும் இடத்தில் மிஞ்சியவர்கள் ஆயிரம் பேர் அளவுதான்.

மரம் இருக்கிறது, பறிக்க ஆளில்லை. கம்பெனி நிலத்தை 68 தோட்டங்களாகக் கூறுபோட்டு டச்சுக் குடியேறிகளுக்குக் கொடுத்தது. வேலை செய்ய அடிமைகள். எங்கிருந்து? பல தீவுகளிலிருந்து. நம் கரையிலிருந்தும். 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் பஞ்சமும் போரும் வந்த போதெல்லாம், பசியில் பிள்ளைகளை விற்றவர்களிடமிருந்தும் தங்களையே விற்றுக்கொண்டவர்களிடமிருந்தும் டச்சுக்காரர் ஆயிரக்கணக்கில் ஆட்களை வாங்கிக் கப்பலேற்றினார்கள். பத்தேவியாவுக்கு, இலங்கைக்கு, பண்டாவுக்கு. பண்டாவில் அந்தக் காலத்தில் எடுத்த குடிக்கணக்கிலேயே சோழமண்டலக் கரை ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆகப் பதிலுக்கு நம் துணி போயிற்று. பிறகு நம் ஆட்களும் போனார்கள். அந்தச் சிவப்பு வலையை ஓட்டிலிருந்து உரித்துக் காயவைத்த விரல்களில் சில தமிழ் விரல்கள். எந்தத் தேர்விலும் இதை நான் கேள்வியாக வைத்ததில்லை.

இதற்கு நடுவே ரன் என்று ஒரு தீவு. மூன்று கிலோமீட்டர் நீளம், ஒரு கிலோமீட்டர் அகலம். நான் காலையில் நடக்கிற தூரம். அதை ஆங்கிலேயர் தங்களுடையது என்றார்கள். 1667இல் பிரேடா உடன்படிக்கையில் அந்த உரிமையை விட்டுக்கொடுத்தார்கள். அதே உடன்படிக்கையில், 1664இல் தாங்கள் பிடித்திருந்த நியூ ஆம்ஸ்டர்டாமை வைத்துக்கொண்டார்கள். அதுதான் இன்றைய நியூயார்க், மன்ஹாட்டன். அன்றைக்கு டச்சுக்காரர் தாங்கள்தான் லாபம் பார்த்ததாக நினைத்தார்கள்.

விலை இறங்கக் கூடாது என்று 1760இல் ஆம்ஸ்டர்டாமில் கிடங்கில் இருந்த வாசனைப் பொருளைக் கொட்டி எரித்தார்கள். ஜாதிக்காய் வேறெங்கும் முளைத்துவிடக் கூடாது என்று சுண்ணாம்பில் தோய்த்து அனுப்பினார்கள். இன்னொரு கதையும் உண்டு. ஜாதிபத்திரிக்குத்தான் விலை அதிகம், அதனால் ஜாதிக்காய் மரத்தை வெட்டிவிட்டு ஜாதிபத்திரி மரம் நடுங்கள் என்று ஆம்ஸ்டர்டாம் மேலிடம் உத்தரவு போட்டதாம்! இது யாரோ கட்டிவிட்ட கதையாகவும் இருக்கலாம். அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் நம்பத் தயங்க மாட்டார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். பண்டாவை வைத்திருந்த அதே டச்சுக் கம்பெனி 1693இல் பாண்டிச்சேரியையும் பிடித்தது. 1699இல் பிரெஞ்சுக்காரரிடம் திருப்பிக் கொடுக்கும்வரை ஆறு வருடம் இந்த ஊர் அவர்கள் கையில். நாம் பெருமையாகச் சொல்லும் நேர்கோட்டுத் தெருக்களின் திட்டம் அவர்கள் வரைந்த வரைபடங்களில் இருக்கிறது.

அரை நூற்றாண்டு கழித்து, 1746இல், பியேர் புவாவ்ர் என்ற இருபத்தேழு வயது பிரெஞ்சுக்காரர் பாண்டிச்சேரியில் வந்து இறங்கினார். லியோனில் 1719இல் பிறந்தவர். பாதிரியாராகப் போகப் படித்தவர். 1745இல் சுமத்ராவை ஒட்டிய கடலில் ஆங்கிலேயர் அவருடைய கப்பலைத் தாக்கியபோது குண்டு பட்டு வலது கையை இழந்தார். பத்தேவியாவில் விடுவிக்கப்பட்டு, அங்கே தங்கிய மாதங்களில் டச்சுக்காரரின் செல்வம் எந்த மரத்தில் காய்க்கிறது என்று கண்டுகொண்டார். அங்கிருந்து இங்கே வந்தார். துய்ப்ளேக்சும் லாபூர்தொனேயும் சென்னையைப் பிடிப்பது பற்றி மோதிக்கொண்ட காலம். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த அதே ஊர், அதே வருடங்கள். பிறகு லாபூர்தொனேயோடு மொரீசியசுக்குக் கப்பலேறினார். அன்றைக்கு அதன் பெயர் பிரான்சுத் தீவு.

ஒரு கை போன மனிதருக்கு ஒரே பிடிவாதம். டச்சுக்காரரின் மரத்தைக் கொண்டுவந்து பிரெஞ்சு மண்ணில் நட வேண்டும். 1753இல் மணிலா பக்கமிருந்து சில கன்றுகளைக் கொண்டுவந்து சேர்த்தார். செத்துப்போயின. இன்னொரு தாவரவியலாளர் வேண்டுமென்றே சாகடித்தார் என்று குற்றம் சாட்டினார். 1767இல் அந்தத் தீவுக்கே நிர்வாகியாகத் திரும்பி வந்தார். அவர் அனுப்பிய கப்பல்கள் 1770இலும் 1772இலும் மலுக்குத் தீவுகள் பக்கம் ரகசியமாகப் போய் ஜாதி, கிராம்புக் கன்றுகளைக் கொண்டுவந்தன. பாம்ப்ளமூஸ் தோட்டத்தில் நட்டார்கள். 1778இல் முதல் ஜாதிக்காய் பழுத்தது. புவாவ்ர் அப்போது பிரான்சுக்குத் திரும்பிவிட்டார். 1786இல் இறந்தார்.

அந்தத் தீவில் துறைமுகத்தையும் கட்டடங்களையும் கட்டியவர்களில் லாபூர்தொனே காலத்திலிருந்தே பாண்டிச்சேரியிலிருந்து கூட்டிப்போன கொத்தனார்களும் தச்சர்களும் உண்டு. டச்சுப் பூட்டு உடைந்த இடத்திலும் நம்மவர்கள் இருந்தார்கள்.

1796இல் ஆங்கிலேயர் சென்னையிலிருந்து கப்பற்படை அனுப்பிப் பண்டாவையே பிடித்தார்கள். கன்றுகள் பினாங்குக்கும் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் போயின. நம் குற்றாலத்தில் கம்பெனி ஒரு வாசனைத் தோட்டம் போட்டது. பிறகு நீலகிரி அடிவாரத்தில் பர்லியாறு, கல்லாறு தோட்டங்கள். இன்றைக்குக் கேரளத்திலும், பொள்ளாச்சி பக்கம் தென்னைக்கு நடுவிலும் ஜாதி நன்றாகவே காய்க்கிறது. கரீபியனில் கிரெனடா நாடு தன் கொடியிலேயே ஜாதிக்காயை வரைந்து வைத்திருக்கிறது.

நானும் புவாவ்ர் போல ஒரு முயற்சி செய்தேன். கல்லாறிலிருந்து ஒரு கன்று வாங்கி வந்து கொல்லையில் நட்டேன். ஜாதியில் ஆண் மரம், பெண் மரம் என்று தனித்தனியாக உண்டு. விதையில் முளைத்த கன்று பூக்கும்வரை எது என்று தெரியாது. அதற்கு ஏழெட்டு வருடம் ஆகும். அந்தக் கவலைக்கே இடமில்லாமல் நம் ஊர் சித்திரை வெயில் முதல் வருடமே முடித்துவிட்டது.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தூளாக வாங்காதீர்கள். காட்டு ஜாதியின் பத்திரி பார்க்கச் சிவப்பாக அழகாக இருக்கும், வாசம் இருக்காது. அரைத்துக் கலந்துவிட்டால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. இதழாக வாங்குங்கள். எடுத்தால் ஒடிய வேண்டும், நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். ஒரு கிலோ அரிசிக்கு ஒன்றிரண்டு இதழ் போதும். தூளாகப் போடுவதென்றால் தம் போடும் சமயத்தில் தூவுங்கள். முதலிலேயே போட்டால் வாசம் ஆவியோடு போய்விடும், கசப்புதான் மிஞ்சும்.

அன்றைக்கு அந்தச் சமையற்கூடத்தில் இத்தனையையும் மாணவரிடம் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பில் நீ கேட்டாய், நான் உட்காரச் சொல்லிவிட்டேன், தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கடைசியில், "நான் கேட்டனா சார்? எனக்கு ஞாபகமே இல்லியே" என்றார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை வருடம் என் மனசில் மட்டும்தான் அது இருந்திருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார். "அங்க போன நம்ம ஆளுங்க யாராவது திரும்பி வந்தாங்களா சார்?"

இந்த முறை "தெரியலப்பா" என்று சொன்னேன். படித்துப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் ஜாதிபத்திரியை எதில் போடுவீர்கள், என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள் என்று கீழே எழுதுங்கள். பர்மா, சைகோன், மொரீசியசு போய்த் திரும்பிய குடும்பத்துக்காரர்கள் கட்டாயம் எழுத வேண்டும். வகுப்பில் நான் உட்காரச் சொன்ன பிள்ளைகள் வேறு யாராவது இதைப் படித்தால், அந்தக் கேள்வியை இப்போது கேளுங்கள்.